நான் வளர்த்த பையனே என் பேர்ல லோன் எடுத்துட்டான், கேஸ் குடுத்தா அவனுக்கு 15 வருஷமா?

தென்னாப்பிரிக்கால, டர்பன் சாட்ஸ்வர்த்ல இருந்து ஒரு அக்கா ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேர், யூனிட் நம்பர், வேலை செய்ற இடம் எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். வயசு 58, துணி ஃபேக்டரில மெஷினிஸ்ட். தங்கச்சி தவறிப் போனதும் அவ பையனை 9 வயசுல இருந்து இவங்கதான் வளர்த்திருக்காங்க, இப்ப அவனுக்கு 26. போன வருஷம் "பெரிம்மா உங்க ஃபோன்ல பேங்க் ஆப் போட்டுத் தரேன்"னு சொல்லி ஐடி கார்டை ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்திருக்கான், மூணு மாச பே ஸ்லிப் வாங்கியிருக்கான், கேமராவைப் பாத்து தலையை அசைக்கச் சொல்லி முகத்தையும் எடுத்திருக்கான், ஃபோனுக்கு வந்த ஓடிபி நம்பரை இவங்களே படிச்சுச் சொல்லியிருக்காங்க. அதை வெச்சு இவங்க பேர்லயே தனியா ஒரு அக்கவுண்ட் திறந்து 78,000 ராண்ட் பர்சனல் லோன், ரெண்டு துணிக்கடை அக்கவுண்ட்ல 22,000, அப்புறம் 31,000 ராண்டுக்கு ஃபோன் கான்ட்ராக்ட். அந்த ஃபோன் கான்ட்ராக்டுக்கு செல்ஃபோன் கடைல வேலை செய்ற அவன் ஃப்ரெண்ட் கையெழுத்து போட்டுக் குடுத்தானாம். மொத்தம் 131,000.

வசூல்காரன் ஃபோன் பண்ணினப்பதான் அக்காவுக்கு விஷயமே தெரிஞ்சிருக்கு. "கட்டலைன்னா ஜெயில்"னு அவன் மிரட்டியிருக்கான். அதுக்கு அடுத்த வாரம் செக்‌ஷன் 129னு மேல போட்டு ஒரு லெட்டர். பையன் அழுதுட்டு வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் அனுப்பி மன்னிப்பு கேட்டிருக்கான். அக்காவோட தம்பி, அதாவது பையனுக்கு மாமா, மாசம் 2,000 கட்டறோம் போலீஸுக்குப் போகமாட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கறார். பக்கத்து வீட்டம்மா, யாருன்னு தெரியாதுன்னு அஃபிடவிட் குடுத்துட்டா கடனும் போயிடும் பையனும் தப்பிச்சுடுவான்னு சொல்றாங்க. கோயில்ல யாரோ இதுக்கு கம்மி தண்டனையே 15 வருஷம்னு சொன்னதுல இருந்து அக்காவுக்கு தூக்கமே இல்லை. கடைசி வரில "அவன் திருடன்னு நான் என் வாயால எப்படி சொல்லுவேன், ஆனா என் பேரை நான் எப்படி திரும்ப வாங்குவேன்"னு எழுதியிருக்காங்க.

அக்கா, நான் டர்பன்ல இருபது வருஷத்துக்கு மேல அட்டர்னியா இருக்கேன், உங்க கடிதம் மாதிரி கடிதம் எனக்குப் புதுசில்லை, ஆனாலும் அந்தக் கடைசி வரியைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நீங்க முட்டாள்தனமா நடந்துக்கிட்டதா நாலு இடத்துல உங்களையே திட்டி எழுதியிருக்கீங்க, முதல்ல அதை விடுங்க. வீட்ல ஃபோன் தெரிஞ்ச புள்ளைகிட்ட ஃபோனைக் குடுக்கிறது இந்த ஊர்ல எல்லா அம்மாவும் ஆயாவும் பண்றதுதான். இப்ப நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது ரெண்டு விஷயம். பையனுக்கு என்ன தண்டனைன்னு முடிவு பண்ற பாரம் உங்க தலைல இல்லை, அது உங்க கைல இருக்குன்னு நினைச்சுதான் தூக்கம் போச்சு. உங்க கைல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, உங்க பேர்ல நடந்ததை நடந்தபடி சொல்றது. அதை எப்ப, எந்த வரிசைல சொல்றதுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

முதல்ல அந்த லெட்டர்

இதை உங்களுக்கு அன்னைக்கே தனியா சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக இங்க திரும்பச் சொல்றேன். செக்‌ஷன் 129 லெட்டர்ங்கிறது நேஷனல் கிரெடிட் ஆக்ட்படி கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கடன் குடுத்தவன் அனுப்பியே ஆக வேண்டிய நோட்டீஸ். அது சம்மன் இல்லை, தீர்ப்பும் இல்லை. அது உங்களுக்குச் சேர்ந்து 10 வேலை நாள் ஆகாம அவங்க கோர்ட்டுக்குப் போக முடியாது. அந்த நாளுக்குள்ள "இந்தக் கடனை நான் வாங்கலை, என் பேரை வெச்சு வேற ஆள் வாங்கியிருக்காங்க, இதை நான் மறுக்கிறேன்"னு எழுத்துல குடுத்து, குடுத்ததுக்கு அடையாளம் வெச்சுக்கணும். ஃபோன்ல சொன்னது கணக்குல வராது. நோட்டீஸைப் பாக்காம விட்டு சம்மனே வந்துட்டாலும் எதிர்க்கிறேன்னு பதில் போட 10 கோர்ட் நாள் இருக்கு. அதுவும் போய் தீர்ப்பே ஆயிட்டா, தெரிஞ்ச 20 கோர்ட் நாளுக்குள்ள அதை ரத்து பண்ணக் கேட்கலாம், ஆனா அது செலவு, அலைச்சல். இப்பவே பதில் எழுதறதுக்கு ஒரு பேப்பரும் ஒரு மணி நேரமும் போதும்.

வசூல்காரன் சொன்ன ஜெயில் விஷயம் அப்பட்டமான பொய். கடன் கட்டலைன்னு ஆளை உள்ள போடற ஏற்பாடு இங்க முன்னாடி இருந்துச்சு, 1995ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் கோயெட்ஸி கேஸ்ல அதைத் தூக்கிப் போட்டுடுச்சு. அதனால அந்த மிரட்டலுக்குப் பயந்து "சரி இப்போதைக்கு 500 ராண்ட் கட்டிடறேன்"னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. நீங்க அஞ்சு காசு கட்டினாலும், மாசம் இவ்வளவு தரேன்னு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினாலும், கடன் உங்களோடதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா நாளைக்கு கோர்ட்ல காட்டுவாங்க. என்கிட்ட வந்த ஒரு அப்பா, பொண்ணு பண்ணின காரியத்தை மூடி மறைக்க எட்டு மாசம் ஒழுங்கா கட்டிட்டு அதுக்கு மேல முடியாம வந்தார். பாதிக்கப்பட்டவரா வந்திருக்க வேண்டியவர், தவணை தவறின கடன்காரரா வந்தார், அவரை அதுல இருந்து வெளிய கொண்டு வர ரெண்டு வருஷம் ஆச்சு.

நீங்க கேட்ட இன்னொண்ணு, முகமும் என்னோடது ஓடிபியும் நான்தான் சொன்னேன், அப்ப நானே சம்மதிச்ச மாதிரிதானேன்னு. இல்லைக்கா. நீங்க சம்மதிச்சது பேங்க் ஆப்புக்கு. அதைக் காட்டி அவன் வாங்கினது லோன். தெரியாத விஷயத்துக்கு யாரும் சம்மதம் குடுக்க முடியாது. ஆனா கடன் குடுத்தவன் அந்த ஃபோட்டோவைத்தான் முதல்ல எடுத்து மேஜைல போடுவான், அதுக்கு இப்பவே தயாரா இருங்க. விண்ணப்பத்துல குடுத்த ஃபோன் நம்பர் எது, இமெயில் எது, எந்த ஃபோன்ல இருந்து போட்டது, பணம் எந்த அக்கவுண்ட்ல விழுந்துச்சு, அங்கிருந்து எங்க போச்சுன்னு எல்லா விவரத்தையும் எழுத்துல கேளுங்க. உங்களைப் பத்தி அவங்க வெச்சிருக்கிற தகவலைக் கேட்கிற உரிமை பாப்பியாங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டத்துல உங்களுக்கு இருக்கு. பணம் உங்க சம்பள அக்கவுண்டுக்கு வரலை, நீங்க பாத்தே இராத நம்பருக்கு எஸ்எம்எஸ் போயிருக்குங்கிறதுதான் உங்க பக்கத்துக்கு பெரிய பலம். ஒப்பந்தம் போட்டது நீங்கதான்னு நிரூபிக்க வேண்டிய வேலை அவங்களோடது.

"ஐடி நம்பர் உங்ககிட்டதானே இருந்துச்சு, நீங்க குடுக்காம எப்படி வெளிய போகும்"னு சில இடத்துல கேட்பாங்க. 2020 ஆகஸ்ட்ல, ஜனங்களோட கடன் விவரத்தை சேத்து வைக்கிற எக்ஸ்பீரியன் கம்பெனிகிட்ட கஸ்டமர் மாதிரி நடிச்ச ஒருத்தன் கிட்டத்தட்ட 2 கோடியே 40 லட்சம் பேரோட விவரத்தை வாங்கிட்டுப் போனான், அது நாடே அறிஞ்ச விஷயம். நம்பர் தெரிஞ்சிருக்கிறதே ஆள் அவங்கதான்ங்கிறதுக்கு சாட்சி ஆகிற காலம் போயிடுச்சு. நம்ம ஜனங்களுக்கு இந்த நம்பர் விஷயம் வேற மாதிரியும் மனசைத் தொடும். 1860ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்து இறங்கினவங்கள்ல இருந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் போட்டாங்க, இன்னைக்கும் பாட்டன் பூட்டன் எந்த ஊர்னு தேடறவங்க அந்த நம்பரைத்தான் முதல்ல தேடறாங்க. உங்க 13 இலக்க நம்பரும் அப்படித்தான், உங்க பொறந்த தேதி அதுக்குள்ளயே இருக்கு, ஆணா பொண்ணாங்கிறதும் இருக்கு. அதை இன்னொருத்தர் எடுத்துப் போட்டுக்கிட்டா வர்ற வலி வெறும் பண வலி இல்லைன்னு எனக்குப் புரியுது.

இது குற்றமா, எந்தக் குற்றம்?

வீட்டு ஆள் எடுத்தா குற்றம் இல்லைன்னு நீங்க கேள்விப்பட்டது தப்பு. நம்ம நாட்டு சட்டத்துல அப்படி ஒரு விலக்கு கிடையாது. "ஐடென்டிட்டி தெஃப்ட்"னு தனியா ஒரே ஒரு குற்றமும் சட்டப் புத்தகத்துல இல்லை, நடந்ததைப் பிரிச்சுப் பாத்து பல குற்றமா போடுவாங்க. முக்கியமானது ஃப்ராட். பொய்யைச் சொல்லி அதனால ஒருத்தருக்கு நஷ்டம் வந்தாலும், வரக்கூடிய நிலைமை வந்தாலும் அது ஃப்ராட்தான், பணம் திரும்ப வந்துட்டாலும் குற்றம் அழியாது. பே ஸ்லிப்பைத் திருத்தியிருந்தாலோ உங்க கையெழுத்தைப் போட்டிருந்தாலோ ஃபோர்ஜரி, அந்தப் பேப்பரைக் கடைல நீட்டினது அட்டரிங்னு தனிக் குற்றம். எல்லாம் ஃபோன் வழியா நடந்ததால 2021 டிசம்பர் 1ல இருந்து அமல்ல இருக்கிற சைபர்கிரைம்ஸ் ஆக்டும் வரும், செக்‌ஷன் 8 சைபர் ஃப்ராட், 9 சைபர் ஃபோர்ஜரி. இன்னொருத்தரோட பாஸ்வேர்ட், பின், ஆக்சஸ் கோட் மாதிரி விஷயத்தை இப்படிக் குற்றம் பண்றதுக்குன்னு வாங்கி உபயோகிச்சா அதுக்கு மட்டும் செக்‌ஷன் 7ல 10 வருஷம் வரைக்கும் போகும்.

இங்க நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு சொல்லணும். பொய் யார்கிட்ட சொல்லப்பட்டுச்சு? பேங்க்கிட்ட, கடைகிட்ட. அப்ப ஏமாந்தவங்க நீங்க மட்டும் இல்லை, அவங்களும்தான். நீங்க மன்னிச்சுட்டேன்னு வீட்டுக்குள்ள கதவை மூடிக்கிட்டாலும் பேங்கோட ஃப்ராட் டிபார்ட்மென்ட் நாளைக்குக் காலைல ஸ்டேஷன்ல போய் கேஸ் குடுக்கலாம். குடுத்தா உங்களை சாட்சியா கூப்பிடுவாங்க, பெரியம்மாங்கிறதுக்காக சாட்சி சொல்லமாட்டேன்னு சொல்ல சட்டம் விடாது, புருஷன் பொண்டாட்டிக்கு இருக்கிற சலுகை பெரியம்மாவுக்குக் கிடையாது.

15 வருஷம்ங்கிற பேச்சு

கோயில்ல சொன்னவர் முழுசா கற்பனை பண்ணலை, பாதி தெரிஞ்சு சொல்லியிருக்கார். 1997ம் வருஷத்து 105ம் நம்பர் சட்டம், அதுல செக்‌ஷன் 51. ஃப்ராட் 500,000 ராண்டைத் தாண்டினா முதல் தடவை பண்ணினவனுக்கே குறைஞ்சது 15 வருஷம், ரெண்டாவது தடவைன்னா 20, அதுக்கு மேல 25ன்னு அது சொல்லுது. உங்க பையன் தனியா பண்ணினது 131,000, அந்த 500,000 கணக்குக்குள்ள அவன் வரவே இல்லை. இதை நினைச்சு இன்னைக்கு ராத்திரி தூங்குங்கன்னு சொல்ல ஆசைதான், ஆனா உங்க கடிதத்துல ஒரு வரி இருக்கு, அதை நீங்க சாதாரணமா எழுதிட்டீங்க, எனக்கு அங்கதான் கண்ணு நின்னுச்சு. அந்த செல்ஃபோன் கடை ஃப்ரெண்ட்.

அதே சட்டத்துல ஒரே நோக்கத்தோட ரெண்டு மூணு பேர் சேந்தோ கூட்டமாவோ சதி பண்ணியோ செஞ்சதுன்னு நிரூபணமானா எல்லை 500,000 இல்லை, 100,000. அந்த ஃப்ரெண்டோட பங்கு 31,000 ராண்ட் ஃபோன் கான்ட்ராக்டோட நின்னுச்சா, இல்லை லோனுக்கும் கடைக்கும் ரெண்டு பேரும் சேந்து திட்டம் போட்டாங்களாங்கிறதுதான் உங்க பையன் தலைல தொங்கற கேள்வி. ப்ராசிக்யூட்டர், அதாவது அரசு வக்கீல், குற்றத்தை எப்படிப் பிரிச்சு எழுதறாங்க, எந்தத் தொகையை எதோட சேக்கறாங்கங்கிறதைப் பொறுத்து நிலைமை மாறும். இதனாலதான் பையன் உடனே தனக்குன்னு ஒரு அட்டர்னியைப் பாக்கணும்னு சொல்றேன். காசில்லைன்னா லீகல் எய்ட் இருக்கு. உங்களுக்கும் அவனுக்கும் ஒரே அட்டர்னி கூடவே கூடாது, உங்க நன்மையும் அவன் நன்மையும் இந்த விஷயத்துல ஒரே பக்கம் இல்லை. அந்த ஃப்ரெண்டைப் பத்தி உங்களுக்கு நேர்ல தெரிஞ்சது என்ன, காதுல விழுந்தது என்னன்னு பிரிச்சு வெச்சுக்கோங்க, அஃபிடவிட்ல தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க.

அந்தக் குறைஞ்சபட்ச தண்டனையும் கல்லுல எழுதினது இல்லை. கனமான, கட்டாயமான காரணம் இருந்தா கோர்ட் குறைச்சுக் குடுக்கலாம், அதை எப்படிப் பாக்கணும்னு 2001ல மால்காஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் விளக்கமா சொல்லியிருக்கு. அந்தக் குறைஞ்சபட்சம் பொருந்தாத சாதாரண ஃப்ராட்ல எந்த கோர்ட்ல நடக்குதுங்கிறது முக்கியம், டிஸ்ட்ரிக்ட் மேஜிஸ்ட்ரேட் ஒரு குற்றத்துக்கு 3 வருஷம் வரைக்கும்தான் போட முடியும், ரீஜினல் கோர்ட் 15 வரைக்கும். அதுக்குக் கீழ ஜெயிலும் இருக்கு, நிறுத்தி வெச்ச தண்டனையும் இருக்கு, அபராதம், வீட்ல இருந்தபடியே கண்காணிப்புல இருக்கிற கரெக்‌ஷனல் சூப்பர்விஷன், பணத்தைத் திருப்பிக் கட்டுங்கிற உத்தரவு எல்லாமே இருக்கு.

2007ல கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட்ல எம்னு மட்டும் பேர் போட்டு ஒரு கேஸ் வந்துச்சு. மூணு ஆம்பளைப் பசங்களைத் தனியா வளர்க்கிற அம்மா, 38 ஃப்ராட், 4 திருட்டு. முன்னாடியே ஒரு தடவை ஃப்ராட்ல தண்டனை வாங்கினவங்க, பெயில்ல இருக்கும்போதும் திரும்பப் பண்ணினவங்க. ரீஜினல் கோர்ட் 4 வருஷம் போட்டுச்சு. கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் அந்தப் பசங்களோட நிலைமையைப் பாத்து உள்ள அனுப்பாம கண்காணிப்பு, ஏமாந்தவங்களுக்குப் பணம் திருப்பிக் குடுக்கிறது, சமூக சேவை, கவுன்சலிங்னு மாத்துச்சு. உங்க பையனுக்கும் இப்படித்தான் ஆகும்னு நான் சொல்லலை. அவனுக்குக் குழந்தை இல்லை, அந்தத் தீர்ப்பு குழந்தைகளை வெச்சு வந்தது. இன்னொரு பக்கம் சாட்லர்னு ஒரு பேங்க்காரர் கேஸ்ல, பேனால பண்ற குற்றம்தானே, ரத்தம் சிந்தலையேன்னு லேசா எடுத்துக்கக் கூடாதுன்னு அப்பீல் கோர்ட் கண்டிப்பா சொல்லி அவரை உள்ளயே அனுப்புச்சு. ரெண்டு பக்கமும் இருக்குங்கிறது உங்களுக்குத் தெரியணும், ஜெயில் இல்லைன்னு யாராவது சத்தியம் பண்ணினா நம்பாதீங்க, ஜெயில்தான்னு பண்ணினாலும் நம்பாதீங்க. முதல் குற்றமா, தானா வந்து ஒத்துக்கிட்டானா, எவ்வளவு திருப்பிக் கட்டினான், ஏன் எடுத்தான், நம்பினவங்களையே ஏமாத்தினானா, இதெல்லாம் எடை போடப்படும். கடைசி விஷயம் அவனுக்கு எதிராத்தான் நிக்கும், அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன்.

உங்க வார்த்தைக்கும் இடம் உண்டு. பையன் குற்றத்தை ஒத்துக்கிட்டு, அவன் பக்கமும் ப்ராசிக்யூட்டரும் தண்டனையைப் பேசி கிரிமினல் ப்ரொசீஜர் ஆக்ட் செக்‌ஷன் 105ஏ ஒப்பந்தம் போட்டா பாதிக்கப்பட்டவங்ககிட்ட கருத்து கேட்கணும்னு சட்டத்துலயே இருக்கு. நஷ்டத்தைத் திருப்பிக் குடுன்னு தண்டனையோட சேத்து உத்தரவு போடவும் கோர்ட்டுக்கு முடியும். அவனை ஜெயிலுக்கு அனுப்பாதீங்கன்னு நீங்க கேட்க நினைச்சா அங்க கேளுங்க, உண்மையைச் சொன்னதுக்கு அப்புறம். முழுசா நிறுத்தி வெச்ச தண்டனை மாதிரி சிலதுக்கு 10 வருஷம் கழிச்சு பதிவை நீக்கவும் மனு போடலாம், 26 வயசுப் பையனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பக்கத்து வீட்டம்மா சொன்னதும், தம்பி கேக்கிற பேப்பரும்

பக்கத்து வீட்டம்மா நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க. ஆனா தெரிஞ்ச ஆளைத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணி எழுதினா குற்றம் பண்ணினவங்க வரிசைல நீங்களும் நிப்பீங்க. பொய் அஃபிடவிட்டுக்கு பொய் சாட்சிக்கான தண்டனையே உண்டு. அது எப்படியும் வெளிய வரும்கா, பணம் போன அக்கவுண்ட்ல இருந்து ஃபோன் நம்பர் வரைக்கும் எல்லாம் அவன் பக்கம்தான் கை காட்டும். அவன் அழுத வாய்ஸ் நோட் உங்க ஃபோன்ல இருக்கு, நீங்க தெரியாதுன்னு எழுதின தேதிக்கு முன்னாடியே வந்தது. அந்த வாய்ஸ் நோட்டை அழிச்சுடாதீங்க. அதே சமயம் மாமா நாலு பேரைக் கூட்டிட்டு வந்து மிரட்டி, அடிச்சு எதையும் எழுதி வாங்கவும் விடாதீங்க.

தம்பி கேக்கிற பேப்பர் இதை விட ஆபத்து. பணத்துக்காக ஒரு குற்றத்தைப் போலீஸ்ல சொல்லாம இருக்கேன்னு ஒப்பந்தம் போடறதே நம்ம சட்டத்துல காம்பவுண்டிங்னு ஒரு குற்றம். திருப்பி "பணம் தரலைன்னா போலீஸுக்குப் போவேன்"னு நீங்க எழுதினா அதை எக்ஸ்டார்ஷன், அதாவது மிரட்டிப் பணம் பறிக்கிறதுன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. பையன் பணத்தைத் திருப்பித் தரேன்னா தரட்டும், வேண்டாம்னு யார் சொன்னா, ஆனா அது அவனோட அட்டர்னி வழியா, ஏமாந்த பேங்குக்கும் கடைக்கும், எந்த வாயடைப்பு கண்டிஷனும் இல்லாம போகட்டும். அப்படிக் கட்டினதுதான் நாளைக்கு தண்டனை நேரத்துல அவனுக்கு உதவும். மாசம் 2,000னு கணக்கு போட்டுப் பாருங்க, வட்டியே இல்லாம 131,000 தீர அஞ்சரை வருஷம் ஆகும், அந்த அஞ்சரை வருஷமும் கடன் உங்க பேர்லதான் நிக்கும்.

இப்ப கேஸ் குடுத்துட்டு அப்புறம் வாபஸ் வாங்கிக்கலாமான்னு கேட்டீங்க. படத்துல பாக்கிற மாதிரி இல்லை. ஸ்டேஷன்ல கேஸ் நம்பர் போட்டதுக்கு அப்புறம் அது ஸ்டேட்டோட கேஸ், நீங்க வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம், ப்ராசிக்யூட்டர் அதைப் பாப்பாங்க, ஆனா முடிவு அவங்களோடது. பேங்கும் பாதிக்கப்பட்டிருக்கிற கேஸ்ல சுலபமா விடமாட்டாங்க. அதனால வாபஸ் வாங்கிக்கலாம்ங்கிற நம்பிக்கைல போகாதீங்க, போறதுன்னா முடிவு பண்ணிட்டுப் போங்க.

என் அபிப்ராயம் கேட்டீங்க, சொல்றேன்: போங்க. ஆனா அதுக்கு முன்னாடி பையனை உக்கார வெச்சு, நான் உண்மையைச் சொல்லப் போறேன், உனக்கு ரெண்டு நாள் டைம், போய் லீகல் எய்டைப் பாரு, உன் வக்கீலோட நீயே முன்னாடி வான்னு சொல்லுங்க. தானா வர்றவனை கோர்ட் பாக்கிற பார்வை வேற, தேடிப் பிடிச்சு கொண்டு வர்றவனைப் பாக்கிற பார்வை வேற. நீங்க அவனுக்குப் பண்ணக்கூடிய நல்லது அந்த ரெண்டு நாள்தான்.

அதுக்கப்புறம் ஸ்டேஷன்ல அஃபிடவிட் குடுத்து கேஸ் நம்பர் வாங்குங்க, அது இல்லாம பேங்கும் கடையும் உங்க புகாரை நகர்த்த மாட்டாங்க. அந்த நம்பரோட ஒவ்வொரு கடன் குடுத்தவனுக்கும் தனித்தனியா எழுதுங்க. கிரெடிட் பீரோ ஒவ்வொண்ணுலயும், டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ், வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமா எடுக்கலாம், எடுத்துப் பாருங்க, நீங்க இன்னும் கண்டுபிடிக்காத அக்கவுண்டும் இருக்கலாம். தப்பான பதிவை மறுத்து எழுதினா 20 வேலை நாளுக்குள்ள அவங்க விசாரிச்சாகணும். சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃப்ராட் ப்ரிவென்ஷன் சர்வீஸ்ல உங்க ஐடியை ப்ரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணி வெச்சா இனிமே யாராவது உங்க நம்பரைப் போட்டுக் கடன் கேட்டா எச்சரிக்கை போகும், அதுக்கும் காசில்லை. பேங்க் பிடிவாதம் பிடிச்சா 2024 மார்ச் 1ல இருந்து நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் ஸ்கீம்னு இந்த மாதிரி புகாரை விசாரிக்க ஒரே இடம் இருக்கு, பழைய பேங்கிங் ஆம்பட், கிரெடிட் ஆம்பட் எல்லாம் அதுக்குள்ள வந்துடுச்சு. இதை எல்லாம் தனியா பண்ண பயமா இருந்தா டர்பன்ல யுனிவர்சிட்டி நடத்தற லா கிளினிக்ல போய்க் கேளுங்க, வேலைல இருந்து அரை நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை.

கடைசியா புரட்டாசி சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிடலாமான்னு ஓரமா ஒரு வரி எழுதியிருந்தீங்க. அது சட்டத்துல இல்லை, கூப்பிடணும்னு தோணினா கூப்பிடுங்க, இலை போடுங்க, ஆனா கேஸ் விஷயத்தை மட்டும் சாப்பாட்டுல பேசாதீங்க. ஒண்ணை மட்டும் இப்பவே யோசிச்சு வைங்க. அவனைப் பிடிச்சு பெயில் குடுத்தா சாட்சியோட பேசக்கூடாது, சாட்சி இருக்கிற வீட்ல தங்கக்கூடாதுன்னு கண்டிஷன் போடறது சாதாரணம். சாட்சி நீங்க, வீடு உங்களோடது. அவனுக்கு வேற அட்ரஸ் இல்லைன்னா பெயிலே கஷ்டமாயிடும். உங்க தம்பி பேப்பர் எழுதறதை விட்டுட்டு தன் வீட்ல ஒரு ரூம் குடுப்பாரான்னு இன்னைக்கே கேளுங்க.